லாரித் தண்ணீரில் கழுவிய சக்கரங்கள்

விளாங்குடி, மதுரை
9 ஏப்ரல் 2024

ஆன்சி அக்காவுக்கு,

உன் நம்பரைப் பிளாக் செய்திருக்கிறேன். பேசினால் கத்திவிடுவேன். பக்கத்து அறையில் அம்மா இருக்கிறாள், அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

பெங்களூரு ட்ரோன் கம்பெனிக்காரர்கள் நான் ஃபர்னஸில் சூடேற்றி ஹீட் ட்ரீட்மென்ட் செய்து அனுப்பிய, என்ஜினுக்குள் சுற்றுகிற இறக்கை வைத்த டைட்டானியம் சக்கரங்களை மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு லேப் ரிப்போர்ட். கடைசிப் பக்கத்தில் 'பயன்படுத்தத் தகுதியற்றது' என்று இருந்தது. அதற்குக் கீழே ச. ஆன்சி. அந்த 'ஆ'வின் வாலை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை பார்த்தேன். பிறகு ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு போன் செய்திருக்கக் கூடாதா? 'ஜோ, உன் பீஸ் என் மேஜைக்கு வந்திருக்கு' என்று ஒரு வார்த்தை? நானே வந்து எடுத்துப் போயிருப்பேனே.

நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். சூட்டில் காற்றுப் பட்டால் டைட்டானியம் ஆக்சிஜனைக் குடித்துவிடும், மேல்தோல் அப்பளம் மாதிரி நொறுங்கும், இவன் அதைக் கவனிக்காமல் விட்டிருப்பான், அப்படித்தானே? அதற்காகத்தான் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்கிற ஃபர்னஸ் வாங்கினேன். அதையும் மீறிப் படிகிற தோலை அமிலத்தில் போட்டு எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். இந்த ஊரில் வேறு எவன் இவ்வளவு செய்கிறான்?

ஃபர்னஸ் பார்த்துக்கொள்ளும் விருமாண்டியை இந்த வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபர்னஸ் ஆறிக் கிடக்கிறது. என்னத்தைச் சாதித்தாய் என்று தெரியவில்லை.

ஜோ

—

பெங்களூரு
13 ஏப்ரல்

ஜோ,

உன் கடிதம் வந்தது. கோபம் முழுவதையும் படித்தேன். இனி நான் சொல்வதைப் படி.

லேபுக்கு வரும் பீஸின் மேல் ஒரு எண் மட்டும்தான் இருக்கும். யார் செய்தது, எந்த ஊர், எதுவும் எங்களுக்குத் தெரியாது. உன்னுடையது என்று தெரிந்திருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்திருப்பேன். அவரும் இதையேதான் எழுதியிருப்பார்.

நீ மூன்றாம் பக்கத்தைப் படிக்கவே இல்லை. ஆக்சிஜன் குடித்த தோல் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. உன் ஃபர்னஸ் நல்ல ஃபர்னஸ்தான். நான் சக்கரத்தை வெட்டி, மெருகேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இறக்கையின் அடியிலிருந்து விரிசல்கள் உள்ளே போகின்றன, மண்ணுக்குள் வேர் கிளைத்துப் போவது போல. விரிசலின் நுனியில், உப்பில் இருக்கிற குளோரின் இருந்தது. டைட்டானியத்தின் மேல் துளி உப்பு ஒட்டியிருந்து, அதோடு ஐநூறு டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் இப்படி ஆகும். வியர்வைக் கை பட்டால்கூடப் போதும். இதெல்லாம் நீயும் படித்ததுதான்.

இன்னொன்று. அந்த விரிசலின் வாயைச் சூட்டில் படிந்த ஆக்சைடு அடைத்திருந்தது. அதனால் மேலே சிவப்புச் சாயம் தடவிப் பார்க்கிற வழக்கமான சோதனையில் அது தெரியாது. சாயம் உள்ளே போக இடமில்லை. நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றுதான் அனுப்பியிருப்பீர்கள். அது உங்கள் தவறில்லை.

ஃபர்னஸில் வைக்கும் முன் எந்தத் தண்ணீரில் கழுவினாய்? கையுறை போட்டுத்தான் எடுத்தார்களா? அந்த நாட்களில் வேறு யாருக்காவது சக்கரம் போனதா?

ஒரு வாடிக்கையாளரின் ரிப்போர்ட்டைப் பற்றி வெளியாளுக்கு எழுதுவது எங்கள் லேபில் குற்றம். இப்போது நீ வெளியாள். தெரிந்துதான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

ஆன்சி

—

விளாங்குடி
22 ஏப்ரல்

அக்கா,

வெளியாள் என்று எழுதிவிட்டாய். சரி.

தண்ணீர் வழக்கமான தண்ணீர்தான், உப்பெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்தது. பிப்ரவரி கடைசியில் அந்தப் பிளான்ட் பழுதாகி, சரியாகும் வரைக்கும் டேங்கர் லாரித் தண்ணீரில் கழுவினோம். குடிக்கிற தண்ணீர்தான், சாக்கடை இல்லை. கழுவி, காற்றடித்து, காய வைத்துத்தான் உள்ளே வைத்தோம். வேலை செய்கிற பிள்ளைகள் எல்லாம் கையுறை போட்டிருந்தார்கள்.

நீ ஒரு பீஸை வெட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்தையும் குப்பை என்கிறாய். நான் ஓடுகிற பீஸைக் காட்டுகிறேன். கார்த்திகேஷை உனக்குத் தெரியும், காலேஜில் என்னோடு படித்தவன், நம் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டவன். திருமங்கலம் பக்கம் ஷெட் போட்டு, ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகிற அளவில் ஜெட் என்ஜின் செய்கிறான். அவனுக்கும் அதே நாட்களில் சக்கரம் கொடுத்தேன். அது அவனுடைய என்ஜினுக்குள் நிமிடத்துக்கு எண்பதாயிரம் சுற்று சுற்றுகிறது. ஒரு மாதமாக ஓடுகிறது. ஒன்றும் ஆகவில்லை. சரண்யாதேவி என்று ஒரு பெண் அவனிடம் இன்ஜினியராக இருக்கிறாள். 'உங்க சக்கரம் சத்தமே இல்லாம ஓடுதுண்ணே' என்று அவளே என்னிடம் சொன்னாள். அதற்கு என்ன சொல்கிறாய்?

அம்மா ஈஸ்டருக்கு நீ வராததைப் பற்றி இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள். பசுமலைப் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்த்த டீச்சர்களிடம் எல்லாம் உன் லேபைப் பற்றித்தான் பெருமை. நான் வாயைத் திறப்பதில்லை.

ஜோ

—

பெங்களூரு
25 ஏப்ரல், வியாழன்

ஜோ,

இதை இன்றிரவு மதுரைக்கு வரும் ஒரு தோழியிடம் கொடுத்தனுப்புகிறேன். காலையில் உன் கையில் இருக்கும்.

அந்த என்ஜினை ஓட்ட விடாதே.

ஒரு மாதம் ஓடியது என்பது அது நன்றாக இருப்பதற்குச் சாட்சி இல்லை. ஒவ்வொரு முறை சுற்றி நிற்கும்போதும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். வளர்கிற வரையில் சத்தமே இருக்காது. லாரித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருப்பார்கள். காற்றடித்தால் தண்ணீர் போகும், உப்பு போகாது. இதைவிட எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் உனக்குப் போன் செய்தேன், போகவில்லை. அம்மாவின் போனும் அணைந்திருந்தது. கார்த்திகேஷுக்குச் செய்தேன். கொஞ்ச நாள் என்ஜினை ஓட்டாமல் வைக்க முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று கேட்டார். ரிப்போர்ட்டைப் பற்றி நான் பேசக்கூடாது. ஜோவிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அக்கா, அடுத்த வாரம் டெல்லியிலேர்ந்து ஆளுங்க என்ஜினப் பாத்து ஆர்டர் குடுக்க வாராங்க. ஜோ ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே நிறுத்திப்புடுறேன்" என்றார்.

உன் ஒரு வார்த்தைதான் வேண்டும். என் மேல் உள்ள கோபத்தைப் பிறகு வைத்துக்கொள்.

ஆன்சி

—

விளாங்குடி
1 மே

அக்கா,

உனக்கு விஷயம் தெரிந்திருக்கும். அம்மா போனில் அழுதுகொண்டே ஏதோ சொன்னதாகச் சொன்னாள். முழுதாக நான் சொல்ல வேண்டும்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. படித்ததும் எனக்கு வந்தது பயம் இல்லை. நீ என்னைத் தாண்டி என் சிநேகிதனிடம் பேசிவிட்டாய் என்ற ஆத்திரம்தான். அன்றைக்கு முழுவதும் அதிலேயே போனது. சாயங்காலம் கார்த்திகேஷ் கூப்பிட்டான். "என்ன மாப்ள, அக்கா என்னமோ சொல்றாங்க" என்றான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை யூனிட்டுக்குப் போனேன். நீலப் பேரலில் பழைய லாரித் தண்ணீர் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதில் வெள்ளி நைட்ரேட் ரெண்டு சொட்டு விட்டேன். பள்ளிக்கூட லேபில் உப்பு இருக்கிறதா என்று பார்ப்போமே, அதேதான். பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. அப்போதும் மனசு ஒப்பவில்லை. பெங்களூரிலிருந்து திரும்பி வந்ததில் ஒரு சக்கரத்தை எடுத்து, நீ எழுதியபடி மேலே அடைத்திருந்ததை அமிலத்தில் அரித்துவிட்டு, சாயம் தடவினேன். இறக்கைகளுக்கு அடியில் சிவப்பு நூல் நூலாக எழும்பி வந்தது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உடனே போனை எடுத்திருக்க வேண்டும். இதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கார்த்திகேஷ் மகள் ஸ்ரீவர்ஷினிக்குக் காதுகுத்து, பசுமலையில் ஒரு ஹாலில். காலைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேரே அங்கே போனேன். வாசலில் அவன் பட்டு வேட்டியோடு நிற்கிறான், பிள்ளை அழுகிறது, அவன் சொந்தக்காரர்கள் எல்லாம் சௌராஷ்டிர பாஷையில் ஒரே பேச்சும் சிரிப்புமாக இருக்கிறார்கள். என்னை இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தான். பக்கத்து இலையில் சரண்யாதேவி. டெல்லிக்காரர்கள் வருவதைப் பற்றித்தான் பேச்சு. கிளம்பும்போது கார்த்திகேஷிடம், "நாளைக்கு ஷெட்டுக்கு வாரேன், ஒரு விஷயம் பேசுவோம்" என்றேன். அம்புட்டுத்தான் சொன்னேன், அக்கா. ஓட்டாதே என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து போன். வெயில் ஏறுவதற்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று காலையிலேயே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். முழு வேகத்துக்குப் போகும்போது பிரஷர் டியூப் ஒன்று கசிந்திருக்கிறது. சரண்யா பாதுகாப்புக்கு அடுக்கியிருந்த மணல் மூட்டைகளைத் தாண்டிப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த நேரத்தில் சக்கரம் வெடித்துவிட்டது. என்ஜின் கவசத்தைக் கிழித்துக்கொண்டு வந்த ஒரு துண்டு ஷெட் தகரத்தில் ஓட்டை போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இன்னொரு சிறு துண்டு அவள் இடது கண்ணில்.

கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

கார்த்திகேஷ் ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தான். நான் திரும்பி வந்துவிட்டேன். உடைந்த துண்டுகளை என்ன செய்வது என்று ஷெட்டில் கேட்கிறார்கள். நீ வெட்டிப் பார்த்துச் சொல்வாயா? உன்னைத் தவிர யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஜோ

—

பெங்களூரு
6 மே

தம்பி,

மூன்று முறை எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

துண்டுகளை என்னிடம் அனுப்பாதே. அண்ணன் தம்பி, அக்கா தங்கை சோதித்துக் கொடுத்த முடிவை யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது. விசாரிக்கிறவர்களிடம் கொடு. அவர்கள் வேறொரு லேபுக்கு அனுப்பட்டும். அதுவரை யாரும் கழுவவோ துடைக்கவோ வேண்டாம், உடைந்த இரண்டு முகங்களையும் சேர்த்துப் பொருத்திப் பார்க்க வேண்டாம். உலர்ந்த காகிதத்தில் தனித்தனியாகச் சுற்றி வை. உடைந்த முகத்தில் ஒரு பகுதி கருநீலமாக இருக்கும், மற்றது பளிச்சென்று இருக்கும். கருநீலம், ஃபர்னஸ் சூட்டிலேயே பிளந்து நிறம் மாறிய இடம். பளிச்சென்று இருப்பது திங்கட்கிழமை உடைந்த இடம். எது எப்போது நடந்தது என்பதை அதுவே சொல்லிவிடும்.

நீ மட்டும் சுமப்பது போல எழுதியிருக்கிறாய். கார்த்திகேஷ் ஏன் என்று கேட்டபோது, 'உங்கள் சக்கரத்தில் விரிசல் இருக்கலாம்' என்று நான் சொல்லியிருக்க முடியும். அந்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன். உனக்குக் கடிதம் எழுதும்போது மீறிய விதியை அவரிடம் பேசும்போது மீற மனம் வரவில்லை. நீ சொல்லிவிடுவாய் என்று உன் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். இன்று காலை எங்கள் லேப் தலைவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், உனக்கு எழுதியது உட்பட. வேலைக்கு வர வேண்டாம், கூப்பிடும்போது வந்தால் போதும் என்றார். ரூமில் உட்கார்ந்திருக்கிறேன்.

லாரித் தண்ணீர் ஓடிய நாட்களில் உன் ஃபர்னஸில் வெந்து வெளியே போன சக்கரம் ஒவ்வொன்றையும் திரும்ப வாங்கு. நாளைக்கு என்று வைக்காதே. போனில் சொல்லி நம்பாதவர்கள் வீட்டு வாசலில் போய் நில்.

சரண்யாவைப் போய்ப் பார். மன்னிப்புக் கேட்பதற்காகப் போகாதே. அது உன் பாரத்தை இறக்குகிற வேலை. அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்வதற்காகப் போ.

ஆன்சி

—

விளாங்குடி
11 ஜூன்

அக்கா,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. நீ சொன்ன வேலைகளை முடித்துவிட்டு எழுத நினைத்தேன்.

சக்கரங்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. கோயம்புத்தூரில் ரேஸ் கார் தயார் செய்கிற ஒருவர் மட்டும் தர மாட்டேன் என்றார். கார் என்ஜினின் டர்போவில் மாட்டியாகிவிட்டது, பந்தயம் முடியட்டும் என்றார். நான் அவருடைய ஒர்க்ஷாப்பில் அந்தக் காருக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆளை விட்டுத் தூக்கிப் போடப் பார்த்தார்கள். சரண்யாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னார். அந்தச் சக்கரத்தை அங்கேயே அமிலத்தில் அரித்து, சாயம் தடவிப் பார்த்தோம். விரிசல் இருந்தது. அவருக்கு முகம் செத்துவிட்டது. காரை ஓட்ட இருந்தது அவருடைய மகனாம்.

உடைந்த துண்டுகள் வேறொரு லேபுக்குப் போய் ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. நீ எழுதியதுதான் அதிலும் இருக்கிறது.

போன வாரம் திருமங்கலத்தில் சரண்யா வீட்டுக்குப் போனேன். அதற்கு முன் இரண்டு முறை தெருமுனை வரை போய்த் திரும்பினேன். அவள் அம்மா அழகம்மாள்தான் கதவைத் திறந்தார். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சரண்யா கண்ணில் கட்டில்லாமல், கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தாள். மேஜையில் அந்த லேப் ரிப்போர்ட் இருந்தது. கார்த்திகேஷ் கொடுத்திருக்கிறான். படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கருநீலம் இருக்குற இடம் உங்க ஃபர்னஸ்ல ஆனதுதானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

அக்கா, வக்கீல் எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருந்தார். விபத்துக்குப் பிறகு துண்டுகளைப் பார்த்துத்தான் தெரிந்தது என்று சொல்ல வேண்டும், சனிக்கிழமை செய்த சோதனையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று. அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சனிக்கிழமை என்றேன்.

ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை என் பக்கத்து எலையில உக்காந்து சாப்பிட்டீங்கள்ல" என்றாள்.

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் அம்மா அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

பிறகு சரண்யா வேறொன்றைச் சொன்னாள். விசாரிக்க வந்தவர்கள் அவளிடம், என்ஜின் ஓடும்போது மணல் மூட்டையைத் தாண்டிப் போனது யார் சொல்லி என்று திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். யாரும் சொல்லவில்லை, அவளாகத்தான் போனாள். அப்படியானால் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடுவார்கள், இனி எந்தக் கம்பெனியும் அவளை என்ஜின் பக்கத்தில் விடாது. "நான் தாண்டிப் போனது தப்புதான். ஆனா உள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சா நான் ஷெட்டுக்குள்ளயே போயிருக்க மாட்டேன்ண்ணே. அது தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க சொன்னாத்தான் உண்டு."

அவள் அண்ணே என்று கூப்பிட்டது பழக்கத்தில் வந்ததா, தெரியவில்லை. நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். லாரித் தண்ணீர், உன் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை, நான் சோதித்த சனிக்கிழமை, சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும். நீ எழுதிய கடிதங்களையும் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். அதனால் உன் லேபில் உனக்கு இன்னும் கஷ்டம் வரும். உன்னிடம் கேட்காமல் கொடுத்தேன். வக்கீல் இனி என் கேஸைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சரண்யாவின் மேல் இருந்த கேள்வியை விட்டுவிட்டார்கள் என்று கார்த்திகேஷ் ஒரு வரி மெசேஜ் அனுப்பினான். வேறு ஒன்றும் எழுதவில்லை. நானும் பதில் போடவில்லை.

திங்கட்கிழமை என்னை வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே திருப்பி அனுப்புவார்களா, உள்ளே வைப்பார்களா என்று சொல்லத் தெரியவில்லை. விருமாண்டி ஃபர்னஸைத் துடைத்து மூடி வைத்துவிட்டு, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அம்மாவுக்கு விபத்து தெரியும். சக்கரம் என் ஃபர்னஸில் வெந்தது என்பதும், எனக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பதும் தெரியாது. இன்று சாப்பாடு போடும்போது, 'பாவம், அந்தப் பிள்ளைக்கு யாரோ பண்ணுன தப்புக்கு இப்படி ஆயிப்போச்சே' என்றாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டு முடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வர முடிந்தால் வா. அம்மாவிடம் நடந்ததை நான்தான் சொல்லப் போகிறேன், நீ சொல்ல வேண்டாம். சொல்லி முடித்த பிறகு அவள் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். அது நானாக இருந்தால் அவளுக்குப் பிடிக்காது.

ஜோ